புதுப்பிப்பு: அடுப்பு மேடையில் ஏறும் எங்கள் பூனை மீனு

மீனு அடுப்பு மேடையில் ஏறிப் பால் பாத்திரத்தின் தட்டைத் தள்ளுகிறாள், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். தண்ணீர் தெளித்தது வீண். என் கண்ணெதிரே மட்டும் இறங்குவாள். விடிந்தால் மேடையெல்லாம் கோதுமை மாவில் பாதத் தடம்.

அப்புறம்தான் புரிந்தது, அவளுக்கு வேண்டியது உயரம். ஜன்னலோரம் பழைய ஸ்டூலைப் போட்டுச் சாக்கு விரித்தேன். ஏறினால் உப்பில்லாமல் வேகவைத்த மீன் ஒரு துண்டு. இப்போது நான் தாளிக்கும்போது வாலைக் காலோடு சுற்றிக்கொண்டு அங்கிருந்தே பார்க்கிறாள். மேடை ஏறுவது முக்கால்வாசி நின்றுவிட்டது.

வெங்காயம், பூண்டு போட்ட குழம்பை உடனே மூடிவிடுங்கள். அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அடுப்பை அணைத்ததும் பர்னர் மேல் தண்ணீர்ப் பாத்திரம் வைக்கிறேன். அவள் பாதம் சுட்டுவிடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.