நீளமான செட்டிநாட்டு வீட்டில் ஸ்பேனிங் ட்ரீ: ரூட் எங்கே உட்கார வேண்டும்?

மூன்று ஊர்களின் நெட்வொர்க்காரர்கள் பேசிக்கொண்டது.

காரைக்குடியிலிருந்து:
விடுதியாக மாறிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின்தெரு வரை ஸ்விட்சுகள் சங்கிலியாகப் போகும். சுவரின் தடிமனில் வைஃபை அடுத்த கட்டை எட்டாது. ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அதனால் கேபிள் மேலே ஓடும். ஒன்று அறுந்தால் பின்கட்டு முழுக்கப் போச்சு. மாற்று வழிக்கு இரண்டாவது கேபிள் இழுத்ததும் லூப் உருவாகும்: தகவல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி நெட்வொர்க்கையே முடக்கும். அதை அடக்கத்தான் ஸ்பேனிங் ட்ரீ: உபரி வழியை மூடி வைத்து, தேவைப்படும்போது திறக்கும்.

ரூட்டை, அதாவது எல்லா வழிகளும் கணக்கிடப்படும் தலைமை ஸ்விட்சை, ஸ்விட்சுகளின் விருப்பத்துக்கு விடாதீர்கள். பிரையாரிட்டி எண் சிறியதே ரூட்; எல்லாமே 32768 பிரையாரிட்டியோடு வரும். சமமானால் சிறிய மேக் முகவரிக்கு (தயாரிப்பிலேயே வரும் வன்பொருள் எண்) வெற்றி. பெரும்பாலும் அது அடுப்படிப் பக்கம் கிடக்கும் பழைய ஸ்விட்சாக இருக்கும். முகப்பில் ரவுட்டரை ஒட்டிய ஸ்விட்சுக்கு 4096, அடுத்ததற்கு 8192 கொடுங்கள். 4096-இன் மடங்குகளை மட்டுமே ஏற்கும். சிஸ்கோவில்: ஸ்பேனிங்-ட்ரீ விலான் 1 பிரையாரிட்டி 4096. விலான் என்பது ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க். கேமராவுக்குத் தனி விலான் இருந்தால் அதற்கும் கொடுக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

தேவகோட்டையிலிருந்து:
மோட் ராபிட்-பிவிஎஸ்டி போடுங்கள், அது ஸ்பேனிங் ட்ரீயின் வேகமான வகை. பழைய முறையில் போர்ட் திறக்க லிசனிங் 15, லேர்னிங் 15, ஆக 30 விநாடி. பழைய தகவல் காலாவதியாகக் காத்திருக்கும் மேக்ஸ் ஏஜ் 20 சேர்ந்தால் 50. ராபிட்டிலும் ஒரு சிக்கல் உண்டு: இணைப்பு ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) விழுந்தால் அதைப் பகிர்வு இணைப்பாக எடுத்துக்கொண்டு பழைய வேகத்துக்கே போய்விடும். இரு முனையிலும் டூப்ளெக்ஸ் பாருங்கள், கேபிள் முனையின் ஆர்ஜே-45 பிளக் கிரிம்பையும் பாருங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:
பில்லிங் கம்ப்யூட்டர் காலையில் 169.254 முகவரி காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிறது. என்ன செய்வது, அண்ணே?

காரைக்குடியிலிருந்து:
அந்த போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் உடனே திறக்கும் வசதி) இல்லை, தம்பி. போர்ட் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் டிஹெச்சிபியிடம் முகவரி கேட்டு ஓய்ந்து, 169.254 என்று தானே ஒன்றை வைத்துக்கொள்கிறது. போர்ட்ஃபாஸ்ட் போடுங்க, கூடவே பிபிடியூ (ஸ்பேனிங் ட்ரீக்காக ஸ்விட்சுகள் அனுப்பும் செய்தி) வந்தால் காக்கும் பிபிடியூ கார்டும் கட்டாயம். அறையில் இருக்கும் ஐந்து போர்ட் ஸ்விட்சில் ஒரே கேபிளின் இரு முனையையும் யாராவது செருகினால், நம் பிபிடியூ நம்மிடமே திரும்பி வரும். கார்டு போர்ட்டை எர்ர்-டிசேபிள் ஆக்கி மூடிவிடும். எர்ர்டிசேபிள் ரெக்கவரி போட்டால் 300 விநாடியில் மீளும், ஆனால் லூப்பைப் பிடுங்காதவரை மறுபடி விழும். பிபிடியூவையே நிறுத்திவிடும் பிபிடியூ ஃபில்டரைத் தொடாதீங்க. லூப் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். சில சின்ன ஸ்விட்சுகள் பிபிடியூவை விழுங்கிவிடும், அங்கே கார்டு உதவாது. அதற்கு, எல்லை மீறும் தகவல் வெள்ளத்தை வெட்டும் ஸ்டார்ம் கன்ட்ரோல்தான்.

தேவகோட்டையிலிருந்து:
வேறு கம்பெனி ஸ்விட்ச் கலந்திருந்தால் எல்லாவற்றிலும் எம்எஸ்டிபி நல்லது, அது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஸ்பேனிங் ட்ரீ வகை. ரீஜன் (ஒரே அமைப்புள்ள ஸ்விட்ச் குழு) பெயர், ரிவிஷன் எண், எந்த விலான் எந்த ட்ரீயில் என்ற பட்டியல் மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

முடித்ததும், விருந்தினர் வருவதற்கு முன், பின்கட்டிலிருந்து ரவுட்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்ற சோதனை) ஓடவிட்டு முதன்மைக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு பிங் தவறினால் சரி. முப்பது விநாடி நின்றால் வழியில் எங்கோ ஒரு ஸ்விட்ச் இன்னும் பழைய மோடில் இருக்கிறது, அல்லது ஒரு இணைப்பு ஹாஃப் டூப்ளெக்ஸில் விழுந்திருக்கிறது.