குடிக்கும் போதைக்கும் உதவி தேடி எந்தக் கதவைத் தட்டினீர்கள்?

தூங்காதவன்:
தம்பிக்காக அலைந்த கதையை நான் முதலில் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள். குடியை விட்டுவிடுகிறேன் அண்ணா என்று அவன் வாயால் சொன்ன ராத்திரியே உட்கார்ந்து போதை மீட்பு மையங்களைப் போனில் தேடினேன். கூப்பிட்ட இடமெல்லாம் முதல் கேள்வி, அட்வான்ஸ் எவ்வளவு கட்டுவீர்கள். அடுத்தது, ஆள் முரண்டு பிடித்தால் நாங்களே வண்டியில் வந்து தூக்கிக்கொண்டு போகிறோம் என்ற வாக்குறுதி. முரண்டே பிடிக்கவில்லை ஐயா, அவனாகத்தான் வருகிறேன் என்கிறான் என்று சொன்னால் எதிர்ப்பக்கம் பேச்சே இல்லை. ஓர் இடத்துக்கு நேரில் போனேன். வெளியே பெரிய பூட்டு. டாக்டர் எப்போது இருப்பார் என்றால், "தேவைப்பட்டால் கூப்பிடுவோம்" என்றார்கள். திரும்பிவிட்டேன்.

கடைசியில் வழி காட்டியது யார் தெரியுமா? சின்ன வயதிலிருந்து எங்களுக்குக் காய்ச்சல் மருந்து எழுதித் தந்த பக்கத்துத் தெரு டாக்டர். அவருக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாதே என்று அந்த கிளினிக் வாசலைத் தவிர்த்துச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம், அதுதான் கூத்து. பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளைத் தம்பியிடம் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' கேள்வித்தாள், மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டுமாம், 20ஐத் தொட்டால் அடிமைத்தனமாகவே இருக்கலாமாம். தம்பியே கூட்டிப் பார்த்து 31 என்றான். கணக்குப் பரீட்சையில்கூட இவ்வளவு வாங்கியதில்லை என்று சிரித்தான். அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்புறம் டாக்டர் சொன்னதுதான் முக்கியம். ஒரு வாரம் அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம், வீட்டில் வைத்து இந்த விளையாட்டு வேண்டாம் என்றார். மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள், நடுக்கத்துக்கான மாத்திரையைக் கொடுத்து நாளுக்கு நாள் அளவைக் குறைத்தார்கள். மூன்றாம் ராத்திரி அவன் போர்வையிலிருந்து இல்லாத பூச்சிகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். நர்ஸ் ஓடி வந்தார், டாக்டரும் வந்தார். அந்தப் பூட்டுப் போட்ட வீட்டில் என்றால் யார் வந்திருப்பார்கள்?

வெள்ளிக்கிழமை:
அண்ணா, இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் செய்த தப்பு வேறு. குடியை நிறுத்தும் மாத்திரை, உன் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடு என்று சொந்தக்காரர் ஒருவர் வாங்கித் தந்தார், நானும் கலந்தேன். டைசல்ஃபிராம் என்று பெயர். மது உடம்பில் முழுதாய்க் கரையாமல் பாதியில் நின்று நஞ்சாகத் தேங்கும்படி செய்வதுதான் அதன் வேலை. குடிப்பவருக்கே தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்துத் தர வேண்டிய மருந்து. அவர் அன்று வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்தார். முகம் ரத்தமாகச் சிவந்து, வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, இரத்த அழுத்தம் இறங்கி, நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லத்தான் அதிகத் தைரியம் தேவைப்பட்டது. சொன்னதால் பிழைத்தார்.

அங்கே ஒரு சமூகப்பணியாளர்தான் என்னை அல்-அனான் கூட்டத்துக்குப் போகச் சொன்னார். குடிப்பவருக்காக இல்லை, குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கியது. முதல் நாள் எனக்கு எரிச்சல்தான். இவரை எப்படி நிறுத்துவது என்று கேட்கப் போனால், நீ எப்படி இருக்கிறாய் என்கிறார்கள்! இப்போது அந்தக் கேள்விக்காகத்தான் போகிறேன். அவர் இன்னும் முழுதாக நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய பாவி:
நான் குடி இல்லை, ஹெராயின். மையத்தில் நாள் எண்ணி முடித்து, தெம்பாக வெளியே வந்து, ஒரே ஒரு தடவை என்று பழைய அளவையே எடுத்தேன். உடம்புக்குப் பழைய தாக்குப்பிடிப்பு போய்விட்டது என்று வெளியே அனுப்பும்போது ஒருவரும் சொல்லவில்லை. மூச்சு நின்றுகொண்டிருந்தது, கூட இருந்தவனிடம், ஹெராயின் அளவு மீறியவரின் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நாலாக்ஸோன் மருந்து இருந்ததால் இதை எழுதுகிறேன். அதன் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் கண் திறந்துவிட்டான் என்று விட்டுவிடாமல் ஆம்புலன்ஸுக்கும் சொன்னான், கெட்டிக்காரன்.

இப்போது நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் எடுக்கிறேன், ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் மாத்திரை. ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டாய் என்று என் மாமாவே சொல்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது மாமா, இதை எடுத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை, பரவாயில்லை.

மூன்றாம் வரிசை:
சுருக்கமாக நான். ஏ.ஏ. கூட்டம், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் குழு. 1935இல் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு குடிகாரர்கள், உட்கார்ந்து பேசியதில் பிறந்தது. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். முதல் கூட்டம் எனக்கு ஒட்டவே இல்லை, கடவுள் பேச்சு அதிகமாகப் பட்டது. வேறொரு குழுவுக்குப் போனேன், அங்கே ஒட்டியது. ஒன்று பிடிக்கவில்லை என்று எல்லாவற்றையும் தூக்கிப் போடாதீர்கள். சகோ தூங்காதவன், போனில் என்ன கேட்க வேண்டும் என்று கொஞ்சம் எழுதுங்களேன்.

தூங்காதவன்:
எழுதுகிறேன். ராத்திரி டாக்டர் இருப்பாரா, வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள், வீட்டார் வந்து பார்க்க விடுவீர்களா, அவனே போகிறேன் என்றால் அனுப்புவீர்களா, வெளியே வந்தபின் யார் தொடர்ந்து பார்ப்பார்கள். இதற்கு இழுத்தடித்தாலோ, நூற்றுக்கு நூறு குணம் என்று உத்தரவாதம் தந்தாலோ, போனை வைத்துவிடுங்கள். அந்த உத்தரவாதம் எப்பேர்ப்பட்ட டாக்டராலும் தர முடியாது.

வெள்ளிக்கிழமை அக்கா, தம்பியும் ஒன்பது மாதம் கழித்து ஒரு ராத்திரி சறுக்கினான். நான் கத்தினேன், அம்மா அழுதார், அவன் ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டான். காலையில் எழுந்து பார்த்தால் அவனையும் காணோம், செருப்பையும் காணோம். பயந்து தேடிக்கொண்டு ஓடினால், பக்கத்துத் தெரு கிளினிக் இன்னும் திறக்கவே இல்லை, அவன் படியில் உட்கார்ந்திருந்தான்.