குளோ பிளக்குக்குத் தமிழில் என்ன சொல்வது: புதிய நைட்ரோ வண்டி ஒன்றை முன்வைத்து

முதல் மடல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட, நைட்ரோ எரிபொருளில் (மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்தது) இயங்கும், தொலைவிலிருந்து கைக்கருவியால் ஓட்டும் 1/8 அளவு மாதிரி டிரக் ஒன்றைப் பற்றித் தமிழில் ஓர் அறிமுகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்டி புதியது, கைக்கு வந்து அதிக நாளாகவில்லை. மின்சார வண்டி என்றால் மோட்டார், பேட்டரி, சார்ஜர் என்று எல்லாரும் அறிந்த சொற்களைக் கொண்டே எழுதி முடித்திருக்கலாம். எரிபொருள் வண்டியில் அது இயலவில்லை. கட்டுரை முதல் பக்கத்திலேயே நிற்கிறது. நிறுத்தியது, எஞ்சினுள் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் உணர்வது வண்டியின் கனம். அலுமினிய அடித்தட்டு, சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கிகள், முன்னும் நடுவிலும் பின்னுமாக மூன்று டிஃபரன்ஷியல்கள் என்று எல்லாம் பெரிய வாகனத்தின் அமைப்பையே பின்பற்றுகின்றன. இவற்றுக்கு வாகனத் தொழிலில் வழங்கும் சொற்களே போதும் என்பதால் விட்டுவிடுகிறேன். 3.5 சி.சி. எஞ்சினுக்கு வரும்போதுதான் சொற்பஞ்சம் தெரிகிறது. (பொறி என்ற சொல் எந்திரத்துக்கும் தீப்பொறிக்கும் பொதுவாக நிற்பதால் இம்மடல் முழுவதும் எஞ்சின் என்றே எழுதுகிறேன், தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.)

இந்த எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரின் தலையில் திருகப்பட்டிருக்கும் குளோ பிளக் என்ற சிறிய உலோக உறுப்பினுள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. எஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் ஏறக்குறைய 1.5 வோல்ட் மின்கலத்தைப் பொருத்தி அச்சுருளைச் சிவக்கக் காய்ச்சுகிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மின்கலத்தைக் கழற்றிவிட்டாலும் சுருள் அணைவதில்லை. முந்தைய எரிதலில் எஞ்சிய சூடும், கலவை அமுக்கப்படுவதால் ஏறும் சூடும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் பரப்பில் படும்போது நிகழும் வினையூக்கமும் சேர்ந்து, அடுத்த சுற்று வரை அதைக் கனன்றபடியே வைத்திருக்கின்றன. இந்த உறுப்பின் சிறப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஆகவே பெயரும் இதிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் கருத்து.

'ஒளிர்வுச் செருகி' என்று சிலர் எழுதுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒளிர்தல் என்பது மின்மினிக்கும் கடிகார முள்ளுக்கும் பொருந்துகிற, சூடில்லாத வெளிச்சத்தையும் குறிக்கும். அறிவியல் பாடங்களிலும் அச்சொல் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. இங்கே வெளிச்சத்தால் யாருக்கும் பயனில்லை. சுடர் விடாமல் சூட்டை மட்டும் காத்து நிற்கும் நெருப்புக்குத் தமிழில் தணல், கனல், கங்கு என்று சொற்கள் வரிசையாக இருக்கின்றன. கனல் என்பது நெருப்புக்கே பொதுப்பெயராகவும் வழங்குகிறது; கங்கு என்றால் கையால் எடுத்துப் போடத்தக்க துண்டு என்ற எண்ணம் வருகிறது. சுடரின்றி நிலைத்திருக்கும் சூடு என்ற பொருள் தணலில்தான் துலங்குகிறது. எனவே 'தணற்செருகி' என்று முன்மொழிகிறேன்.

அடுத்தது, புது எஞ்சினை முதன்முதலாக ஓட்டும் முறை. இந்த வண்டியில் எஞ்சினின் சக்கரத்தட்டைக் (ஃபிளைவீல்) கையால் சுழற்றினால், பிஸ்டன் மேலேறி உச்சியை எட்டும் இடத்தில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. புதிதாக வாங்குபவர் எஞ்சின் பழுதென்றே எண்ணக்கூடும். உண்மையில் அது வேண்டுமென்றே செய்யப்பட்ட இறுக்கம். அலுமினியப் பிஸ்டன், குரோமிய முலாம் பூசிய பித்தளை உறை என்ற அமைப்பில், உறையின் உள்விட்டம் மேலே போகப்போகச் சற்றே குறுகும். எஞ்சின் சூடேறும்போது பித்தளை உறை பிஸ்டனைவிட மிகுதியாக விரிந்து இரண்டும் சரியாகப் பொருந்தும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அதை வலிந்து சுழற்றுவதும், எரிபொருளை மிகுதியாக விட்டுக் குளிரக் குளிர ஓட்டுவதும் கேடு என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே. அந்த இறுக்கத்தை 'உச்சிப்பிடிப்பு' என்றும், சூடேற்றி ஓட்டி, நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி ஓட்டிப் பக்குவப்படுத்தும் முறையைப் 'பழக்கோட்டம்' என்றும் சொல்லலாம். மாட்டையும் குதிரையையும் பழக்குகிறோம். எஞ்சினுக்கு அவ்வினை பொருந்தாமல் போகாது.

எனக்கு முடிவு தெரியாதது கலவை பற்றிய சொல். கார்புரேட்டரின் ஊசித் திருகைத் தளர்த்தினால் எரிபொருள் கூடுகிறது, இறுக்கினால் குறைகிறது. கூடியதை ரிச் என்றும் குறைந்ததை லீன் என்றும் பட்டறைகளில் சொல்கிறார்கள். 'செறிகலவை', 'மெலிகலவை' என்ற இணையைப் பயன்படுத்தலாமா? இலங்கைப் பாடநூல்களில் 'ஐதான கரைசல்' என்று அழகாக எழுதுகிறார்கள். அதையொட்டி 'ஐதுகலவை' என்றும் அமைக்கலாம். ஆனால் மெலிவு என்றாலும் ஐது என்றாலும் படிப்பவருக்குத் தீங்கற்ற ஒன்றாகத் தோன்றுகிறது. இவ்வெஞ்சினிலோ நேர்மாறு. உராய்வைத் தணிக்கும் எண்ணெய் எரிபொருளிலேயே கலந்து வருவதால், எரிபொருளைக் குறைப்பவர் எண்ணெயையும் சேர்த்தே குறைக்கிறார். சூடு ஏறுகிறது, உயவு குறைகிறது, எஞ்சின் இறுகி நின்றுவிடுகிறது. இந்த அபாயம் சொல்லிலேயே தெரிய வேண்டாமா என்பதுதான் என் தயக்கம்.

வண்டிக்கும் ஒரு பெயர் வேண்டும். 'வானொலிக் கட்டுப்பாட்டு வண்டி' என்று எழுதினால் வண்டிக்குள் செய்தி வாசிப்பார்கள் என்று நினைப்பார்கள். 'அலையியக்கக் கரட்டுவண்டி' எப்படி? கருத்தறிய ஆவல்.

அன்புடன்.

மறுமொழி

மதிப்பிற்குரிய நண்பருக்கு வணக்கம்.

> எனவே 'தணற்செருகி' என்று முன்மொழிகிறேன்.

தணல் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. இவ்வுறுப்பு தோன்றிய கதையும் அதற்கே சான்றாகிறது. மாதிரி விமானங்களில் தொடக்கத்தில் தீப்பொறி எஞ்சின்களே இருந்தன; பற்றவைப்புச் சுருள், மின்கலம், மின்தேக்கி ஆகிய எல்லாவற்றையும் அச்சிறு விமானமே சுமக்க வேண்டியிருந்தது. 1947 இல் ரே ஆர்டனின் குளோ பிளக் விற்பனைக்கு வந்தபின் அச்சுமை முழுவதும் தரையிலேயே நின்றுவிட்டது. சூடு ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு அணையாமல் கடத்தப்படுவதுதான் அங்கே நிகழ்ந்த புதுமை. தணல் அதைச் சொல்கிறது, ஒளிர்வு சொல்லவில்லை.

எனக்குள்ள தடை 'செருகி'யில்தான். அது செருகப்படுவதில்லை, மரையால் திருகப்படுகிறது. மேலும் கணினித் தமிழில் செருகி என்றால் மென்பொருள் இணைப்பு என்றாகிவிட்டது. ஆயினும் 'தீப்பொறிச் செருகி' ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், அதனோடு இணையாக நிற்கும் சொல்லைக் குலைக்க விரும்பவில்லை. கற்பவர் ஒன்றை அறிந்தால் மற்றொன்றை ஊகித்துக்கொள்வார். கலைச்சொல்லுக்கு அத்தகுதி துல்லியத்துக்கு ஒருபடி மேலானது என்று நான் கருதுகிறேன்.

நீங்கள் தொடாமல் விட்ட ஒன்று உண்டு. டீசல் கார்களிலும் குளோ பிளக் இருக்கிறது. அது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்காக எரியறையை மின்சாரத்தால் சூடாக்கும் கருவி. எரிதலை நடத்துவது அமுக்கத்தின் சூடே தவிர அக்கருவியன்று, அங்கே பிளாட்டினத்தின் வினையூக்கத்துக்கும் வேலையில்லை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் நாமும் அப்படியே செய்ய வேண்டுமா? டீசலில் இருப்பதை 'முன்சூட்டுச் செருகி' என்று பிரித்துவிடுவதே நல்லது. அகராதி செய்பவர்கள் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கேட்பார்கள். இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் என்று நாம் விடை சொல்லலாம்.

புணர்ச்சியைப் பற்றியும் ஒரு சொல். 'தணற்செருகி' இலக்கணப்படி சரியானது. ஆனால் இணையத்தில் 'தணல்' என்று தேடுபவருக்கு அது அகப்படாது. 'தணல் செருகி' என்று பிரித்தெழுதுவதை நான் குற்றமாகக் கொள்ளமாட்டேன். மரபு காக்க விரும்புவோர் சேர்த்தெழுதட்டும்.

கலவைக்கு என் விடை வேறு. செறிவு, மெலிவு இரண்டுமே எதன் செறிவு, எதன் மெலிவு என்று சொல்வதில்லை. காற்றையும் எரிபொருளையும் தராசில் வைப்பதுதான் அங்கே நடப்பது. பெட்ரோலுக்கு எடையில் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும். மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.4, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 மட்டுமே. நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூற்றிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால்தான் இந்த வேறுபாடு. அதே அளவு காற்றில் எரிபொருளைப் பன்மடங்கு எரிக்க முடிவதால்தான் அதற்கு இவ்வளவு வேகமும். எனவே நைட்ரோ விழுக்காட்டைக் கூட்டினால் ஊசியையும் தளர்த்த வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் வெள்ளமாகத் தோன்றும் கலவை இங்கே பட்டினி. 'எரிமிகை', 'எரிகுறை' என்று வைத்தால் குறைவது எரிபொருள் என்பது ஐயமின்றித் தெரியும். குறை என்ற சொல்லிலேயே நீங்கள் தேடும் எச்சரிக்கையும் சற்று இருக்கிறது.

நைட்ரோ என்பதை மொழிபெயர்க்க முயலாதீர்கள். புட்டியில் பெரும்பாலும் இருப்பது மெத்தனால். நைட்ரோமீத்தேன் பொதுவாக 20 அல்லது 30 விழுக்காடுதான். பெயர் பொருத்தமில்லாததுதான், ஆனால் ஊன்றிவிட்டது. பந்தயக் கார்களில் ஏற்றும் நைட்ரஸ் ஆக்சைடோடு அதைக் குழப்பக்கூடாது என்று ஓர் அடிக்குறிப்பு மட்டும் போதும்.

'கரட்டுவண்டி' நன்று. 'அலையியக்க' என்பதைக் கேட்டால் அலையாற்றலில் ஓடும் வண்டி என்று தோன்றுகிறது; 'தொலையியக்க' என்றே இருக்கட்டும்.

இழையைத் தொடங்கியவரின் மறுமொழி

ஐயா, விரிவான மடலுக்கு நன்றி. 'முன்சூட்டுச் செருகி', 'எரிமிகை', 'எரிகுறை', 'தொலையியக்க' நான்கையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 'தணற்செருகி'யைச் சேர்த்தே எழுதி, சொற்பட்டியலில் பிரித்த வடிவத்தையும் தருகிறேன்.

சொற்கள் உரைநடையில் நிற்குமா என்று பார்ப்பதற்காகக் கட்டுரையின் ஒரு பத்தியை இங்கே இடுகிறேன்:

"இந்தத் தொலையியக்கக் கரட்டுவண்டியின் எஞ்சினில் உச்சிப்பிடிப்பு வலுவாக இருப்பதால், பழக்கோட்டத்தைத் தொடங்குமுன் எஞ்சின் தலையை வெளியிலிருந்து வெதுவெதுப்பாக்கிக்கொள்வது நல்லது. தணற்செருகி சிவந்தபின் கிளப்பும் கயிற்றைச் சுருக்கமாக இழுத்தால் எஞ்சின் கிளம்பிவிடுகிறது. தொழிற்சாலையில் வைத்தனுப்பிய ஊசி எரிமிகைப் பக்கமே இருக்கிறது. புகைபோக்கியிலிருந்து அடர்ந்த புகை வருவதும், விசையைக் கூட்டும்போது எஞ்சின் திணறுவதும் அதன் அடையாளம். அவசரப்பட்டு ஊசியை இறுக்க வேண்டாம். பழக்கோட்டம் முடிந்தபின், தலையின் சூடு 100 முதல் 120 பாகை செல்சியசுக்குள் நிற்குமாறும், முழு விசையில் ஓடும்போதும் மெல்லிய புகைக்கோடு தெரியுமாறும் சிறிது சிறிதாக இறுக்கலாம். புகை அறவே நின்றால் எரிகுறை என்று கொண்டு உடனே விசையைத் தணிக்க வேண்டும். மையவிலக்குக் கிளட்ச் தாமதமாகப் பிடிக்குமாறு அமைக்கப்பட்டிருப்பதால், வண்டி முதலில் தயங்கி, பிறகு பாய்ந்து கிளம்புகிறது. முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுவதும் உண்டு. மேடு தாண்டி இறங்கும்போது அதிர்வுதாங்கிகள் அடித்தட்டைத் தரையில் மோதவிடவில்லை. ஓட்டம் முடிந்ததும் தொட்டியை வடித்து, எஞ்சினில் எஞ்சிய எரிபொருளையும் எரித்துத் தீர்த்து, காப்பெண்ணெய் சில துளிகள் விட வேண்டும். மெத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் தாங்குருளைகள் (பேரிங்) துருப்பிடித்துவிடும்."

உரக்கப் படித்துப் பார்த்ததில் 'எரிமிகைப் பக்கம்' என்பது மட்டும் சற்று உறுத்துகிறது, மற்றவை ஓடுகின்றன.

இன்னும் இரண்டு உறுப்புகளுக்குச் சொல் இல்லை. ஒன்று, டியூன்டு பைப் எனப்படும் புகைபோக்கி. அதன் விரிகூம்பு அழுத்த அலையை உறிஞ்சலாகத் திருப்பி அனுப்பிச் சிலிண்டரைக் காலி செய்கிறது. சுருங்குகூம்பு, வெளியே நழுவிய புதுக்கலவையை மறுபடி உள்ளே தள்ளுகிறது. 'அலைமீள் குழல்' என்று எழுதிவைத்திருக்கிறேன். மற்றொன்று, கைக்கருவியின் அலை அறுந்துபோனால் தானாகவே விசையைக் குறைத்துத் தடையைப் (பிரேக்) பிடிக்கும் ஏற்பாடு. எரிபொருள் வண்டி அலை அறுந்ததும் நின்றுவிடாது, திறந்த விசையிலேயே யார் மீதாவது போய் மோதும். எனவே இந்த ஏற்பாட்டைச் சரிபார்க்காமல் எஞ்சினைக் கிளப்பக்கூடாது என்று கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டியிருக்கிறது. 'அலையறு காப்பு' என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சிறந்த சொல் யாருக்கேனும் தோன்றினால் இவ்விழையிலேயே தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.