டெய்லர் காதர் பாய்க்கு அத்தர் தேடிய அனுபவம்

கதைமாந்தருக்கு வாசனை தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அது எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான். மணம் பிடிக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். இது எனக்குப் புரிந்தது காதர் பாய்க்கு வாசனை தேடியபோது. நான் எழுதும் நாவலில் வரும் டெய்லர் அவர். கதை நடப்பது 1982இல், ஒரு சின்ன ஊர் பஜாரில்.

திருவல்லிக்கேணியில் ஓர் அத்தர் கடைக்குப் போய், கதையில் வரும் ஆளுக்குத்தான் அத்தர் வேண்டும் என்று சொன்னேன். கடைக்காரப் பெரியவர் சிரிக்கவில்லை. "அவர் என்ன வேலைம்மா பார்க்கிறார்?" என்றார். டெய்லர் என்றேன். "அப்போ ஊது அத்தர் வேண்டாம்மா, அது வசதியுள்ளவங்க போடுறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போறப்ப ஜன்னத்துல் பிர்தவ்ஸ் அத்தர் கொஞ்சம் தொட்டுக்குவார். பெருநாளுக்கு வேணா மஜ்முவா" என்று சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. அகில் மரத்தில் பூஞ்சை பிடித்து, அதற்கு மரம் சுரக்கும் பிசின்தான் ஊதுக்கு மூலம். எல்லா மரத்திலும் அது உண்டாகாது, அதனால்தான் அந்த விலை. மஜ்முவா வெட்டிவேர், தாழம்பூ, கடம்பு, மண்வாசனை எல்லாம் கலந்தது. வருடத்துக்கு ஓரிரு முறை போட ஏற்றது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அத்தரில் ஆல்கஹால் கிடையாது. அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜில் பழைய முறையில் செய்பவர்கள் பூவையும் தண்ணீரையும் செப்புக் கொப்பரையில் இட்டு, களிமண்ணால் மூடி, விறகு வைத்துக் காய்ச்சுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகப் போய், சந்தன எண்ணெய் இருக்கும் இன்னொரு பாத்திரத்தில் இறங்குகிறது. (இன்று சந்தன எண்ணெய் விற்கும் விலையில், கடைகளில் கிடைப்பதில் நிறைய வேறு எண்ணெய் கலந்ததுதான்.) எண்ணெயில் இருப்பதால் மணம் சட்டென்று பறந்துவிடாது. தோலோடு ஒட்டிக்கிடக்கும், பக்கத்தில் வருபவருக்குத்தான் தெரியும்.

டெய்லருக்குப் பக்கத்தில் வருவது யார்? அளவு கொடுக்க வருபவர்! காதர் பாய் டேப்பைத் தோளில் வைத்துக் குனியும்போது, காதுமடலில் செருகிய அத்தர் பஞ்சு வாடிக்கையாளரின் மூக்குக்கு அருகில் வந்துவிடுகிறது. அவரோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, தன் மகள் கல்யாணத்துக்குச் சட்டை தைக்க வரும் அத்தியாயம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. அண்ணனின் வாசனை தெரியும் தூரத்துக்கு அவன் வந்துவிட்டான், இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற நாட்களில் அவரிடம் மெஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும்தான் மணக்கும். அதனால் அந்தக் காட்சியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன்.

அவருடைய மச்சான் துபாயிலிருந்து விடுமுறைக்கு வருகிறான். பெட்டியில் கோடாலித் தைலம், யார்ட்லி பவுடர், அப்புறம் பச்சை பாட்டிலில் புரூட். 1964இல் வந்த சென்ட், காலத்துக்குப் பொருந்துகிறது. ஸ்ப்ரே செய்யும் சென்ட்டில் ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகி மணத்தையும் காற்றில் தூக்கிக்கொண்டு போகும். அவன் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. காதர் பாயும் மச்சானும் ஒரே அறையில் இருந்தால் அத்தரை யாரும் உணரவே முடியாது. அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று நான் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை.

தன் கதையைத் தானே சொல்லும் பாத்திரத்துக்கு வாசனை வைப்பது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். தன் மேல் இருக்கும் மணம் கொஞ்ச நேரத்தில் தன் மூக்குக்கே பழகி மறைந்துவிடும். ஆகவே "என் மேல் மல்லிகை மணந்தது" என்று நாளெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அடுத்தவர் சொல்லட்டும், அல்லது குழந்தை வந்து முகர்ந்து பார்க்கட்டும். மல்லிகைக்கு நேரமும் முக்கியம். சாயங்காலம் தொடுக்கும்போது அது மொட்டு, மணம் கம்மி. இரவில் விரிந்த பிறகுதான் ஆளைத் தூக்கும். காலை பஸ்ஸில் நேற்றைய பூவோடு ஒருத்தி ஏறினால், அந்தப் பழுத்த மணத்துக்கு வேறு வாக்கியம் வேண்டும்.

வாங்கியதும் முகர்ந்துவிட்டு எழுத உட்காராதீர்கள். ஒரு பருத்தித் துணியில் தொட்டு வைத்து, மறுநாள் காலையில் பாருங்கள். அப்போது மிஞ்சுவதைத்தான் கூட வாழ்பவர்கள் முகர்கிறார்கள்.

அடுத்து மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரி வேலையாள் ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன். ஐஸ் போடும் எந்திரத்தில் அம்மோனியா ஓடுகிறது, சுற்றிலும் மீன் வாடை. குளித்து, சட்டை மாற்றி வந்த பிறகு அவர் மேல் என்ன மிஞ்சும்? தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் அப்படி அப்பாவோ மாமாவோ இருந்தவர்கள் சொல்லுங்கள். அவர் என்ன சோப்பு போட்டார் என்பது வரைக்கும் எனக்கு வேண்டும்.