அம்மாவின் கால் புண்ணுக்கு அழுத்தக் கட்டுப் போட ஆள் தேவை (கோத்தகிரி பக்கம்)

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, காலமெல்லாம் தேயிலை பறித்தவர். இடது கால் உள்கணுக்காலுக்கு மேலே ஏழு மாதமாக ஒரு புண் ஆறவே இல்லை. ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஆரம்பித்தது, இப்போது தீப்பெட்டி அகலம். சுற்றிலும் தோல் கறுத்து இறுகிவிட்டது. சாயங்காலமானால் கால் வீங்கி, நீர் கசிந்து சாக்ஸ் நனைகிறது.

சர்க்கரை இல்லை. கோவையில் டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தோம், வெரிகோஸ் வெயின் (காலில் சிரைகள் புடைத்து ரத்தம் தேங்குவது) என்றார்கள். கணுக்கால், கை ரத்த அழுத்த விகிதம் 1.0. அதாவது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓட்டம் நன்றாக இருக்கிறது, அழுத்திக் கட்டலாம் என்று மருத்துவரே சொன்னார்.

முதல் இரண்டு மாதம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டே வீணாக்கிவிட்டோம். அப்புறம் களிம்புகள், இரண்டு முறை ஆன்டிபயாடிக். ஒன்றும் கேட்கவில்லை. கோவையில் ஐந்து வாரம் நான்கு அடுக்குக் கட்டு (ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கு சுற்றி அழுத்தும் கட்டு) போட்டபோதுதான் புண் கண்ணெதிரே சுருங்கியது. ஆனால் வாராவாரம் மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டுப் போய்வர அம்மாவால் முடியவில்லை. நிறுத்தினோம், மறுபடி பெரிதாகிவிட்டது.

இப்போது நானே கிரேப் பேண்டேஜ் கட்டுகிறேன். பாதத்தைக் காலுக்குச் செங்கோணமாக மடக்கி, விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, குதிகாலையும் சேர்த்துத்தான் சுற்றுகிறேன். கணுக்கால் மெலிவு, கெண்டைக்கால் பெருசு. வீட்டுக்கு நாற்பது படி ஏறி இறங்குவதற்குள் கட்டு நழுவி, கயிறு மாதிரி திரண்டு சதையில் பதிந்துவிடுகிறது. அந்தத் தடத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

கோத்தகிரி, குன்னூர், ஊட்டியில் வாரம் ஒருமுறை இந்த அடுக்குக் கட்டைச் சரியாகப் போட்டுவிடும் நர்ஸோ மருத்துவமனையோ யாருக்காவது தெரியுமா?