ஆட்டோ லெவல்: கண்ணை அசைத்தால் ஸ்டாஃப் ரீடிங் மாறுகிறது

கேள்வி
வணக்கம். ஆட்டோ லெவலில் (உயர வித்தியாசம் அளக்கும் சர்வே தொலைநோக்கி) 60 மீட்டர் தள்ளி ஸ்டாஃப் (அளவு குறித்த நெட்டைக் கோல்) பார்க்கிறேன். படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணை லேசாக மேலும் கீழும் அசைத்தால் கிராஸ் ஹேரும் (உள்ளே தெரியும் குறுக்குக் கோடு) ஸ்டாஃப் மேல் நகர்கிறது. 3, 4 மி.மீ. வித்தியாசம். வட்டக் குமிழி நடுவில் நிற்கிறது. காம்பென்சேட்டர் (பார்வைக்கோட்டைத் தானே கிடைமட்டமாக்கும் பாகம்) போய்விட்டதா?

பதில் 1
இல்லை, இது பாரலாக்ஸ். காம்பென்சேட்டர் கெட்டால் கண்ணை எங்கே வைத்தாலும் ரீடிங் தப்பாக வரும், கண்ணோடு சேர்ந்து ஆடாது. முன் லென்ஸ் உருவாக்கும் பிம்பம் ரெட்டிகிள் (கிராஸ் ஹேர் கோடுகள் உள்ள கண்ணாடி) தளத்தில் சரியாக விழவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஐபீஸை (கண் வைக்கும் பக்க லென்ஸ்) சரிசெய்யுங்கள். முன் லென்ஸுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, ஐபீஸை முழுக்க வெளியே திருப்பிவிட்டு, மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள். கோடுகள் கறுப்பாக, கூர்மையாகத் தெரியும் முதல் இடத்திலேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் திருப்பினாலும் கண் தானே வளைந்து கொடுத்துத் தெளிவாகக் காட்டும், அங்கேதான் ஏமாறுவோம். அப்புறம் ஃபோகஸ் குமிழால் ஸ்டாஃபைக் கொண்டுவாருங்கள். கண்ணை ஆட்டும்போது கோடு ஸ்டாஃபின் மேல் ஒட்டியபடி நிற்கும்வரை குமிழைத் துளித்துளியாகத் திருப்புங்கள். வேறொருவர் பார்த்தால் ஐபீஸை அவர் கண்ணுக்கு மறுபடி வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்
ஆட்டம் நின்றுவிட்டது, நன்றி. ஆனால் இரண்டு புள்ளிகளின் உயர வித்தியாசம், லெவலை நடுவில் வைத்தால் ஒன்று, ஓரத்தில் வைத்தால் வேறு. A, B இடைவெளி 60 மீட்டர். நடுவிலிருந்து A 1.432, B 1.218. B-க்கு 5 மீட்டர் அப்பால், அதே நேர்கோட்டில் வைத்தால் B 1.350, A 1.570.

பதில் 2
இது வேறு கோளாறு, கொலிமேஷன் பிழை: பார்வைக்கோடு சரியாகக் கிடைமட்டமாக இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் டூ பெக் டெஸ்டைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். நடுவில் வைத்தபோது வந்த 0.214 உண்மையான வித்தியாசம், ஏனென்றால் இரு பக்கமும் பிழை சமமாகிக் கழிந்துவிடுகிறது. ஓரத்திலிருந்து 0.220. ஆக 60 மீட்டருக்கு 6 மி.மீ.; பார்வைக்கோடு மீட்டருக்கு 0.1 மி.மீ. மேலே போகிறது. லெவலிலிருந்து A 65 மீட்டர் என்பதால் அங்கே 6.5 மி.மீ. கூடுதல், 1.5635 வர வேண்டும். ரெட்டிகிள் திருகைத் திருப்பிக் கோட்டை அங்கே கொண்டுவந்து, டெஸ்டை மறுபடி செய்யுங்கள். அதற்கு முன்னால் லெவலை 180 டிகிரி திருப்பி வட்டக் குமிழி நடுவிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்
திருகைத் தொட பயமாக இருக்கிறது. அப்படியே வேலை செய்யலாமா?

பதில் 2
பேக் சைட் (உயரம் தெரிந்த புள்ளியில் எடுக்கும் முதல் ரீடிங்), ஃபோர் சைட் (லெவலை நகர்த்துமுன் எடுக்கும் கடைசி ரீடிங்) தூரத்தைச் சமமாக வைத்தால் செய்யலாம். ஃபோகஸ் குமிழையும் அதிகம் திருப்ப வேண்டியிருக்காது, அதனால் உள்லென்ஸ் நகர்வதால் வரும் சின்னப் பிழையும் போய்விடும். இன்டர்மீடியட் சைட்டில்தான் (இரண்டுக்கும் நடுவே எடுக்கும் ரீடிங்) மாட்டிக்கொள்வீர்கள்: பேக் சைட் 30 மீட்டர், அது 60 மீட்டர் என்றால் 3 மி.மீ. பிழை அப்படியே சேரும்.