புதுப்பிப்பு: அறுபத்து மூவர் அன்று நீர்மோர்ப் பந்தல் உண்டு

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு நம்ம தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா, சரி, போடுகிறோம். எட்டாம் நாள், நாயன்மார்கள் அறுபத்து மூவரும் வீதியுலா வரும் அறுபத்து மூவர் அன்று, மதியத்திலிருந்தே மாட வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது, அதனால் மோர் வேலை காலையிலேயே முடிந்துவிட வேண்டும். இஞ்சி, பச்சை மிளகாய் தட்டிப் போட்டு, பெருங்காயம், கறிவேப்பிலை; உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும், வெயிலுக்கு அதுதான் நல்லது. பிளாஸ்டிக் கப் வேண்டாம் என்று பலர் சொன்னீர்கள், அப்படியே எவர்சில்வர் டம்ளர்தான், ஆனால் கழுவ மட்டும் ஒருத்தரும் கை தூக்கவில்லை! அப்புறம், ஏழாம் நாள் காலை தேர். வண்டி எடுக்காமல் மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் வந்து இறங்கி நடப்பதே உத்தமம். டம்ளர் கழுவ வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள்.